சித்தப்பா வீட்டு பிரிட்ஜ்ல எட்டு பாட்டில் தண்ணி

சித்தப்பா வீட்டு பிரிட்ஜ்ல கீழ் தட்டுல எப்பவும் எட்டு மினரல் வாட்டர் பாட்டில் வரிசையா நிக்கும். லேபல் உரிச்சிருக்கும், மூடியில மார்க்கர் பேனாவால தேதி எழுதியிருக்கும், யாரும் குடிக்கக்கூடாது. ஒரு தீபாவளிக்கு ஈப்போவுல இருந்து வந்த மச்சான் ஒருத்தர் வெயில்ல வந்த வேகத்துக்கு ஒன்ன எடுத்து பாதி குடிச்சிட்டு, "என்ன மாமா, தண்ணி மண் வாசம் அடிக்குது"ன்னு கேட்டார். சித்தப்பாவுக்கு வந்த கோபம் இருக்கே. மச்சான் வயித்தப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, "மாப்ள அது ஜூன் மாச தண்ணி, இனிமே நான் எத வச்சு ஒப்பிட்டுப் பாக்கிறது"ன்னுதான் கத்தினார்.

அது டேம் தண்ணி. சரியா சொல்லணும்னா டேமுக்குள்ள தேங்கி நிக்கிற தண்ணி இல்ல, கரைக்கு இந்தப் பக்கம் அடிவாரத்துல கசிஞ்சு வர்ற தண்ணி. மாசம் ஒரு பாட்டில், எட்டு மாசம் ஆனதும் பழச ஊத்திட்டு புதுசு.

மண்ணால கட்டின அணை எதுவா இருந்தாலும் கசியும். கசிவே இல்லாத மண் அணை கிடையாது, அத முதல்ல ஒத்துக்கணும், ஏன்னா ஈரத்தப் பாத்ததும் ஐயோ உடையப்போகுதுன்னு அலறுறவங்களும் இருக்காங்க, பத்து வருஷமா ஈரம்தான் அது அப்படித்தான் இருக்கும்னு தாண்டிப் போறவங்களும் இருக்காங்க, ரெண்டு பேருமே தப்பு. தெளிவா வந்தா தண்ணி மட்டும் வருது. கலங்கலா வந்தா கரையே கொஞ்சம் கொஞ்சமா கிளம்பி கூடவே வருது. வெறும் கண்ணுக்குத் தெரியாத கலங்கலும் உண்டு, அதுக்குத்தான் பாட்டில்: பிடிச்சு ஒரு ராத்திரி ஆடாம வச்சா காலைல அடியில வண்டல் ஒரு கோடு மாதிரி உக்காந்திருக்கும், அந்தக் கோடு போன மாசத்து பாட்டில விட தடிப்பா இருக்கான்னு பக்கத்துல வச்சு பாக்கணும். சித்தப்பாவோட ஆராய்ச்சி அவ்வளவுதான். வெளிய வச்சா பாசி பிடிச்சு குழப்புதுன்னு பிரிட்ஜ்ல வைக்கிறார். சித்தி இத திட்டாத நாள் இல்ல.

டேம்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. மலேசியாவுல, பினாங்கு மாநிலத்தோட அக்கரைப் பக்கம், செபராங் பிறை தெற்குல, கெடா எல்லைய ஒட்டி, முன்ன ரப்பர் தோட்டமா இருந்து அப்புறம் செம்பனையாகி இப்ப துண்டு துண்டா பல பேர் கைல இருக்கிற இடம். ரெண்டு மேட்டுக்கு நடுவுல ஓடின ஓடைய மறிச்சு, நர்சரிக்கும் ரப்பர் ஷீட் காயவைக்கிற கொட்டாய்க்கும் தண்ணி வேணும்னு துரைமார் காலத்துல மண்ணக் கொட்டி மிதிச்சு கட்டினது. நடுவுல 20 அடி உயரம், நீளம் 300 அடி சொச்சம், மேல ஒரு மோட்டார் சைக்கிள் தாராளமா போகலாம். எங்க தாத்தா அதுல மண் சுமந்தவர். புதுக்கோட்டை பக்கம் இருந்து வந்த மனுஷன், ஊர்ல கண்மாய்க் கரையில மம்பட்டி பிடிச்ச கை, கப்பல் ஏறி வந்தும் அதே வேலைதான் கிடைச்சிருக்கு. மழை அதிகமானா தண்ணி வழிஞ்சு போறதுக்கு ஓரமா ஒரு வாய் விட்டிருப்பாங்க இல்லையா, அத துரை ஸ்பில்வேன்னு சொல்ல, தாத்தா கலிங்குன்னே சொல்வாராம். அந்தப் பேர் அங்கயே ஒட்டிக்கிச்சு, இன்னைக்கு அங்க புல் வெட்ட வர்ற மலாய்க்காரப் பையன் கூட கலிங்குன்னுதான் சொல்றான், அது மலாய் வார்த்தைன்னு நினைச்சுட்டு இருக்கான் பாவம்.

டேமுக்குக் கீழ அரை மைல்ல 26 வீடு. எல்லாம் பழைய தோட்டத்து ஆளுங்க, லயத்துல இருந்து எழும்பி சின்னதா கல் வீடு கட்டிக்கிட்டவங்க. ஒரு மாரியம்மன் கோயில், அதுக்குப் பக்கத்துல ஒரு ஹால்.

நான் இருக்கிறது பினாங்கு தீவுல, ஜெலுத்தோங்ல. மண் டெஸ்ட் பண்ற லேப்ல 22 வருஷமா வேலை. எஞ்சினியர் இல்ல, எஞ்சினியருக்கு மண்ணப் பிசைஞ்சு நம்பர் எடுத்துக் கொடுக்கிற ஆள். பினாங்குக்காரங்ககிட்ட டேம்னு சொன்னா உடனே ஆயர் ஈத்தாம் டேம்தான் ஞாபகம் வரும், 1962ல முடிச்சது, ஞாயித்துக்கிழமை காலைல பாதி ஆயர் ஈத்தாம் அங்கதான் சுத்தி நடக்கும். இல்லன்னா 1999ல கட்டின தெலுக் பஹாங், அக்கரையில மெங்குவாங். தெலுக் பஹாங்கும் மெங்குவாங்கும் மண்ணால கட்டினதுதான், தெலுக் பஹாங் உயரம் 58 மீட்டருக்கு மேல. அதுக்கெல்லாம் ஆள் இருக்கு, கருவி இருக்கு, கரைக்குள்ள தண்ணி எந்த உயரத்துல நிக்குதுன்னு பாக்க குழாய் இறக்கியிருப்பாங்க, கசிவ அளக்க வி மாதிரி வெட்டின தகடு வச்சிருப்பாங்க. 2017ல நம்ம நாட்டுக்குன்னே அணைப் பாதுகாப்புக்கு மைடேம்ஸ்னு ஒரு வழிகாட்டி வந்துச்சு, நல்ல தடிமனான புக்கு. ஆனா உலகத்துல பெரிய அணைன்னு பட்டியல் போடுறவங்களோட கணக்கு 15 மீட்டர்ல ஆரம்பிக்குது, அதுக்குக் கீழன்னா நிறைய தண்ணி தேக்கினாத்தான் சேத்துக்குவாங்க. எங்க சித்தப்பா டேம் 6 மீட்டர்.

யாரோட டேம்னு கேட்டா அது இன்னொரு கூத்து. நிலம் ஒரு கம்பெனி பேர்ல இருக்கு, லெட்டர் போட்டா பதில் வராது. தண்ணி எடுக்கிறது ஒரு டுரியான் தோட்டத்துத் தவுக்கேயும் (முதலாளிய அப்படித்தான் சொல்வோம்) நாலஞ்சு காய்கறிக்காரங்களும், மீன் வளக்கிறது ஒரு அண்ணன். ஒரு ஆபிஸ்ல போய்க் கேட்டேன், இது எங்க லிஸ்ட்ல இல்லைன்னாங்க. இன்னொரு ஆபிஸ்ல தனியார் நிலம் நாங்க தொட முடியாதுன்னாங்க, தே ஓ, அதாவது பால் இல்லாத டீ, வாங்கிக் கொடுத்து மரியாதையாத்தான் அனுப்பினாங்க, குறை சொல்றதுக்கில்ல. ஆக அந்த டேமுக்குன்னு இருக்கிறது 71 வயசு சித்தப்பாவும், கணக்கு எழுதுற ஒரு 555 நோட்டுப் புக்கும், பிரிட்ஜும்.

இத எழுத உக்காந்ததே ஒரு விஷயத்துக்காகத்தான். இத்தனை வருஷத்துல அந்த டேமுக்கு வந்த ஆபத்து எல்லாம் அது மேல ஆசை வச்சவங்களாலதான் வந்துச்சு. அத உடைக்கணும்னு யாரும் நினைச்சதே இல்ல. பாசமா ஏதாவது செய்வாங்க.

முதல் பாசம், மரம். ஒரு பெரியவர், இப்ப இல்ல, கரை மண் அரிச்சுப் போகக்கூடாது வேர் கெட்டியா பிடிச்சுக்கும்னு சொல்லி இறக்கத்துல வரிசையா ரம்புத்தானும் மூங்கிலும் நட்டு வச்சார். கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா மரம் ஒரு நாள் சாகும், செத்தா வேர் மக்கும், மக்கின வேர் இருந்த இடம் கரைக்குள்ள ஒரு குழாய் மாதிரி காலியா நிக்கும். காத்துல சாய்ஞ்சா கரையில ஒரு லாரி மண்ணயும் சேத்துப் பேத்துக்கிட்டு விழும். இதெல்லாத்த விட மோசம், மூங்கில் புதருக்குள்ள என்ன கசியுது, எந்தப் பொந்துல முள்ளம்பன்றி குடியிருக்குன்னு வெளிய தெரியாது. கரையில புல்லு மட்டும்தான் இருக்கணும், அதுவும் ஒட்ட வெட்டியிருக்கணும். அழகுக்குன்னு நினைப்பாங்க, கண்ணுக்குத் தெரியணுமேன்னுதான். பிப்ரவரி வெயில்ல எல்லா புல்லும் காஞ்சு பழுப்பா நிக்கிறப்ப ஒரு இடத்துல மட்டும் பச்சையா இருந்தா அங்க அடியில தண்ணி இருக்குன்னு அர்த்தம், லட்ச வெள்ளி கருவி சொல்றத அந்த ஒரு திட்டு சொல்லிடும். பெரிய ரம்புத்தான நாங்க சும்மா வெட்டிப் போடல, வெட்டிப் போட்டா வேர் உள்ளயே மக்கும், அதனால வேரோட தோண்டி எடுத்து குழிய அரை அடி அரை அடியா மண் போட்டு இடிச்சு நிரப்பினோம். ரெண்டு மரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு, கைல கொப்புளம்.

ரெண்டாவது பாசம், சிமெண்ட். கரை அடியில கசியுதேன்னு ஒரு தம்பி நல்ல மனசோட ரெண்டு மூட்டை சிமெண்ட் குழைச்சு பூசி அடைச்சுட்டான். கசிவு நின்னுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். மூணு மாசம் கழிச்சு பாத்தா பச்சை திட்டு இடுப்பு உயரத்துக்கு ஏறியிருக்கு. தண்ணிக்கு வெளிய போக வழி இல்லைன்னா கரைக்குள்ளயே ஏறும், கரை ஊறும், ஊறின இறக்கம் ஒரு நாள் அப்படியே வழுக்கிக்கிட்டு உக்காரும். தண்ணிய அடைக்கக்கூடாது, மண்ண மட்டும் நிறுத்தணும், இத எங்க பக்கம் யாருக்கும் புரிய வைக்கவே முடியல, நான் உட்பட லேப்ல வேலை பாத்தும் ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுக்கிட்டேன். சிமெண்ட்ட சித்தப்பா உளி வச்சு உடைச்சார். அந்தத் தம்பி இன்னைக்கு வரைக்கும் எங்ககிட்ட சரியா பேசுறதில்ல.

மூணாவதுதான் பெருசு. 2016 எல் நினோ வறட்சி ஞாபகம் இருக்கும், குளம் அடி தெரிஞ்சுச்சு, மீன் செத்து மிதந்துச்சு. மழை திரும்ப வந்ததும் மீன்கார அண்ணன், இனிமே ஒரு சொட்டு வீணாப் போகக்கூடாதுன்னு கலிங்கு வாயில மணல் மூட்டைய அடுக்கிட்டார், ஒன்றரை அடி உயரம். மேல மீன் வழிஞ்சு ஓடிடக்கூடாதுன்னு வலை வேற. காய்கறிக்காரங்க எல்லாம் கை தட்டாத குறைதான், தண்ணி ஜாஸ்தி நிக்குதே.

நான் போய் சொன்னேன், "அண்ணே, நாலடில ஒன்றரை அடி அடைச்சிட்டீங்க."

"இன்னும் ரெண்டரை அடி இருக்குல தம்பி, பாதிக்கு மேல இருக்கே லா."

அவர் சொல்ற கணக்கு எல்லாரும் போடுற கணக்குதான். கலிங்குல வழியிற தண்ணி ஆழத்தோட நேர் விகிதத்துல போறதில்ல, ஆழத்தோட ஒன்றரை அடுக்குல போகும், அதாவது ஆழத்த அதோட வர்க்கமூலத்தால பெருக்கிப் பாக்கணும். நாலடி ஆழத்துல போற தண்ணிய 100ன்னு வச்சுக்கிட்டா ரெண்டரை அடியில 62 இல்ல, 49தான். ஒன்றரை அடி மூட்டைக்கு கலிங்கு பாதியாப் போச்சு. எங்க டேமுக்கு தண்ணி வந்து சேர்ற மேடு ஏறக்குறைய 100 ஏக்கர், கலிங்கு அகலம் 13 அடி. மணிக்கு 100 மிமீன்னு ஒரு மழை அடிச்சு அதுல பத்துல ஆறு பங்கு ஓடையில வந்தாலே விநாடிக்கு ஆறேழாயிரம் லிட்டர் வெளிய போகணும். மூட்டை இல்லைன்னா நாலடிக்குள்ள போயிடும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். மூட்டை இருந்தா நாலாயிரத்து சொச்சம்தான் போகும், மிச்சம் கரை மேல ஏறும். இதுல வலைய நான் சேக்கவே இல்ல. வெள்ளத்துல செம்பனை மட்டையும் தகரமும் வந்து வலையில அப்பிக்கிட்டா அது வலை இல்ல, சுவரு. மண் கரை மேல தண்ணி ஏறி வழிய ஆரம்பிச்சா கான்கிரீட் மாதிரி தாங்காது, பின் இறக்கத்துல இருந்து அரிச்சுக்கிட்டே முன்னுக்கு வரும், வெட்டு விழுந்துட்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது.

அண்ணனுக்கு இது ஏறல. சரின்னு ஒரு கதை சொன்னேன், கதை இல்ல நடந்ததுதான். அமெரிக்கால பென்சில்வேனியாவுல சவுத் ஃபோர்க்னு ஒரு மண் அணை. பணக்காரங்க கிளப் ஒண்ணு அத வாங்கி ஏரியில மீன் விட்டாங்க, மீன் ஓடிடக்கூடாதுன்னு கலிங்குல கம்பித் தட்டி வச்சாங்க. குதிரை வண்டி ரெண்டு எதிரெதிர போக வசதியா இருக்கட்டும்னு கரை உச்சிய சீவி தணிச்சாங்க. அடியில தண்ணிய இறக்கிவிடுற இரும்புக் குழாய்ங்கள அதுக்கு முன்னாடி இருந்த உடமைக்காரரே எடுத்து வித்துட்டார், திரும்ப யாரும் போடல. 1889 மே 31, பெரிய மழை, தட்டியில குப்பை அடைச்சு, கரை மேல தண்ணி ஏறி உடைஞ்சுது, கீழ ஜான்ஸ்டவுன் ஊர்ல 2,209 பேர் செத்தாங்க. கெட்ட எண்ணம் எங்கயாவது இருக்கா? மீன், வண்டி, பழைய இரும்பு.

"அது அமெரிக்கா தம்பி, பெரிய டேமு."

நம்ம ஊருதும் சொன்னேன். குவாலா குபு பாரு தெரியும்ல, பேர்ல ஏன் பாரு, புதுசுன்னு இருக்கு? பழைய குவாலா குபுல ஆத்துக்குக் குறுக்க மண் அணை ஒண்ணு இருந்து 1883ல உடைஞ்சு ஊர அடிச்சிட்டுப் போச்சு, மாஜிஸ்ட்ரேட்டா இருந்த வெள்ளைக்காரர் செசில் ரேங்கிங்கும் அதுல போயிட்டார். வெள்ளை முதலைய அவர் சுட்டதாலதான்னு ஊர்ல ஒரு கதை. அதுக்கப்புறமும் ஈயச் சுரங்கத்து லம்போங் மண் ஆத்த மேடாக்கி வெள்ளம் விடாததால ஊரையே தூக்கிட்டுப் போய் வேற இடத்துல வச்சாங்க. பக்கத்துல இன்னைக்கும் ஒரு இடத்துக்குப் பேரு அம்பாங் பெச்சா. உடைஞ்ச அணை. அந்த பஸ் ஸ்டாண்ட் போர்ட தாண்டிப் போறவங்க எத்தனை பேர் அந்தப் பேர யோசிச்சிருப்பாங்க.

இலங்கையில கந்தளாய் குளம், ராஜாக்கள் காலத்துக் கரை, 1986 ஏப்ரல் 20 விடியிறதுக்கு முன்னாடி உடைஞ்சு நூத்துக்கும் மேல செத்தாங்க, கரை மேல கனமான வண்டிங்க ஓடினத ஒரு காரணமா சொல்றாங்க. இதையும் சொன்னேன். அண்ணன் கேட்டுட்டு, மீனுக்குத் தீனி போட நேரமாச்சுன்னு எழும்பிட்டார்.

மூட்டை அப்படியே இருந்துச்சு.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. பினாங்குக்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க. சாயங்காலம் பிடிச்ச மழை, காத்து, ராத்திரிக்குள்ள ஜெலுத்தோங்ல எங்க ரோட்டுல கார் மிதக்குது, அங்க இங்க மரம் விழுது, அந்த வெள்ளத்துல மாநிலத்துல 7 பேர் போனாங்க. நான் வீட்டுல இடுப்பளவு தண்ணிக்கு மேல மேஜைய ஏத்திட்டு போன கைல பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், பாலத்துக்குப் போக வழி இல்ல. பத்து மணிக்கு சித்தப்பா கூப்பிட்டார். ஒரே வரி, "டேய், கரைக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு முழம்தான்டா இருக்கு."

அவர் டார்ச்சோட கலிங்குல நின்னுட்டு இருக்கார். வலை முழுக்க மட்டை. நான் இங்க இருந்து, மூட்டைய உருவாதீங்க கால் வழுக்கினா போச்சு, முதல்ல வலைய அறுங்க, ஓரத்துல நின்னே அறுங்க, இடுப்புல கயிறு கட்டிக்கங்கன்னு கத்துறேன், மழைச் சத்தத்துல அவருக்கு பாதி கேக்கல. யார் வந்தாங்கன்னு நினைக்கிறீங்க, மீன்கார அண்ணன்தான் வந்தார், பராங் கத்தியோட. அவர் வலைய அவரே வெட்டினார். மட்டை எல்லாம் ஒரே இழுப்புல போச்சாம், கூடவே நாலஞ்சு மூட்டையும் தண்ணியே தள்ளிக்கிட்டுப் போயிருச்சு, அவரோட தீலாப்பியா பாதியும் போச்சு. அந்த ராத்திரி 26 வீட்டையும் எழுப்பி விட்டாங்க, எல்லாரும் கோயில் ஹால்ல போய் உக்காந்தாங்க. இத ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரேன்.

திங்கக்கிழமைதான் என்னால அக்கரைக்குப் போக முடிஞ்சுது. தண்ணி இறங்கியிருந்துச்சு, ஆனா கரை உள்பக்கம் இலையும் குச்சியும் ஒதுங்கி ஒரு கோடு நீளத்துக்கும் நிக்குது, தண்ணி எவ்வளவு தூரம் ஏறிச்சுன்னு அதுவே சாட்சி. கைய வச்சுப் பாத்தேன். கோட்டுக்கும் கரை உச்சிக்கும் ஒரு சாண்.

அப்புறம் அடிவாரத்துக்கு இறங்கினேன். மூங்கில் இருந்த இடத்துக்குக் கிட்ட, அரிசி கொதிக்கிற மாதிரி மண்ணு குபுகுபுன்னு பொங்குது. சுத்தி எறும்புப் புத்து மாதிரி மெல்லிசான மணல் ஒரு வட்டம் கட்டியிருக்கு, நடுவுல கட்டை விரல் போற ஓட்டை, அதுல இருந்து தே தாரேக் நிறத்துல, அதாவது பால் டீ நிறத்துல தண்ணி. குனிஞ்சு விரலால தொட்டேன், வெதுவெதுப்பா இருந்துச்சு, குளத்துத் தண்ணியோட சூடு. எனக்கு அப்பத்தான் கால் நடுங்குச்சு. மழை நேரத்துல டேம்ல நிக்காதவன், திங்கக்கிழமை வெயில்ல நின்னு நடுங்குறேன். இது எப்படி வேலை செய்யும்னா, வெளிய வர்ற தண்ணி வாயில இருக்கிற மண்ண ஒவ்வொரு மணியா எடுத்துட்டுப் போகும், ஓட்டை பின்னாடி பின்னாடி கரைக்குள்ள நீளும், அது குளத்தத் தொட்ட அன்னைக்கு கதை முடியும். அமெரிக்கால டீட்டன்னு ஒரு அணை, 93 மீட்டர், 1976 ஜூன் 5 காலைல கலங்கலா கசிவு பாத்தாங்க, மத்தியானத்துக்குள்ள அணை இல்ல.

எங்க லேப்புக்கு வேலை கொடுக்கிற ஒரு எஞ்சினியருக்குப் போன் போட்டேன். அவர் படத்த அனுப்பச் சொல்லிப் பாத்துட்டு சொன்னது, கைலயும் அடைக்காதே, களிமண்ணும் போடாதே, மணல் போடு. முதல்ல கொரகொரப்பான ஆத்து மணல் ஒரு அடி, அதுக்கு மேல அரை இஞ்ச் ஜல்லி ஒரு அடி, அதுக்கு மேல பெரிய கல்லு. தண்ணி வடிஞ்சு வரட்டும், கரை மண்ணு மணல தாண்டி வரமுடியாது, மணலு ஜல்லிய தாண்டி வரமுடியாது. பக்கத்துல வீடு கட்டிட்டு இருந்தவர்கிட்ட கெஞ்சி ஒரு லாரி மணல் வாங்கினோம். அது சுத்தமான்னு பாக்க ஒரு பாட்டில்ல பாதி மணல் போட்டு தண்ணி ஊத்தி குலுக்கிப் பாத்தேன், தூசி அதிகமா இருந்தா அந்த மணலே அடைச்சுக்கும். முதல் ரெண்டு தள்ளுவண்டி மணல பொங்குற வேகத்துக்கு அதுவே தள்ளி விட்டுச்சு, அப்புறம் வேகத்தக் குறைக்க முதல்ல கொஞ்சம் கல்லப் போட்டு, அதுக்கு மேல ஜல்லி, சுத்தியும் மேலயும் மணல், திரும்ப ஜல்லி, கல்லுன்னு புத்தகத்துல இல்லாத மாதிரி ஒரு சாம்பார். ஏறக்குறைய 40 நிமிஷம் கழிச்சு தே தாரேக் தே ஓ ஆச்சு. சாயங்காலம் தெளிஞ்சுச்சு. அன்னைக்கு பிடிச்ச பாட்டில்தான் பிரிட்ஜ்ல ஒன்பதாவது, எட்டு மாசம் ஆனா ஊத்திடணும்ங்கிற சட்டம் அதுக்கு மட்டும் இல்ல, ஓரமா தனியா நிக்கும், அடியில ஒரு விரல் மொத்தத்துக்கு மண்ணு.

அதுல இருந்து வாளிக் கணக்கும் வந்துச்சு. கசிவெல்லாம் ஒரு சின்ன பிவிசி குழாய் வழியா வர்ற மாதிரி செஞ்சு, 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை செகண்ட்னு வாரா வாரம். அந்தத் திங்கக்கிழமை 31 செகண்ட். மாசம் கழிச்சு 48. கூடவே குளத்து மட்டமும் எழுதணும், மழை பெய்ஞ்சதான்னும் எழுதணும், குளம் ஏறினா கசிவும் ஏறும் அது சாதாரணம். குளம் அப்படியே இருந்து வாளி மட்டும் சீக்கிரம் நிறைஞ்சா போன் வரணும் எனக்கு.

அந்தக் கலவரத்துலதான் இன்னொன்னும் தெரிஞ்சுச்சு. எஞ்சினியர், முடிஞ்சா குளத்த இறக்குன்னார். அடியில இருக்கிற இரும்புக் குழாய் வால்வு பதினஞ்சு வருஷமா யாரும் தொடாதது, திருகினா கைப்பிடி கையோட வருது. கடைசியில ஆறு இஞ்ச் குழாய கரை மேல போட்டு தண்ணி நிரப்பி, சின்னப் பையனுங்க பெட்ரோல் உறிஞ்சுற மாதிரி சைஃபன் வச்சு இறக்கினோம். அதையும் நாளைக்கு ஓரடிக்கு மேல இறக்காதேன்னார், தண்ணி திடீர்னு விலகினா உள்பக்கம் ஊறிக் கிடக்கிற கரை தாங்காம சரியுமாம். வால்வு இப்ப புதுசு. தவுக்கே பணம் கொடுத்தார், கொடுத்துட்டு ரெண்டு வருஷமா அதையே சொல்லிக் காட்டுறார், சொல்லட்டும். மாசம் ஒரு தடவ திறந்து மூடுறோம்.

கோயில் ஹாலுக்கு வரேன்னு சொன்னேன்ல. எங்க ஆளுங்களுக்கு மழை, தீ, சண்டை எதுவா இருந்தாலும் கால் தானா கோயிலுக்குத்தான் போகும். அந்தக் கோயில் எங்க இருக்கு? ஓடைக்கரையில. டேம் உடைஞ்சிருந்தா முதல்ல தண்ணி போயிருக்கிற இடம் அந்த ஹால், உள்ள 26 குடும்பம். நான் லெவல் மிஷின லேப்ல இருந்து கடன் வாங்கிட்டு வந்து அளந்தேன், ஹால் தரை பக்கத்து ரோட்ட விட மூணடி கீழ. கமிட்டில போய் சொன்னா தலைவர், "தம்பி, அம்மா இருக்கிற இடத்துலயா ஆபத்து வரும்?"னார். என்ன பதில் சொல்றது. ஒரு மணி நேரம் வாக்குவாதம், ஒரு அக்காதான் முடிச்சு வச்சாங்க: "அம்மாவ ஊர்வலத்துக்கு மேட்டுக்குத் தூக்கிட்டுப் போறோம்ல, நாமளும் அங்கயே போவோம்." ரப்பர் ஷீட் கொட்டாய் இருந்த மேடு. இப்ப ஒரே ஒரு தாள், எல்லா வீட்டு பிரிட்ஜ் மேலயும் காந்தம் வச்சு ஒட்டியிருக்கு: யார் யாருக்கு போன் பண்ணணும், போன் எடுக்கலைன்னா கோயில் மணி, படுத்த படுக்கையா இருக்கிற பாட்டிய யார் தூக்குறது, பொம்பா (தீயணைப்பு) நம்பர், மேட்டுக்குப் போற வழி பாலத்துல இல்ல, பின்பக்கம். வருஷத்துக்கு ஒரு தடவ ஆடித் திருவிழா முடிஞ்ச மறுநாள் நடந்து பாக்கிறோம். எல்லாரும் வரமாட்டாங்க. மிச்சம் இருக்கிற கூழ மேட்டுல வச்சு ஊத்துறோம்னு சொன்னா கொஞ்சம் கூட்டம் வருது.

மீன்கார அண்ணன் மூட்டை அடுக்கிறத விட்டாரான்னு கேப்பீங்க. அடுத்த பிப்ரவரியில திரும்ப அடுக்கினார், நாலு மூட்டை மட்டும், "சும்மா கொஞ்சம்தான் தம்பி". மனுஷன் அன்னைக்கு ராத்திரி உயிரக் கொடுத்து நின்னவர், அவர்கிட்ட நான் என்னன்னு சண்டை போட. மூட்டைய எடுக்க வச்சேன், வலைக்குப் பதிலா வேற செஞ்சோம்: கலிங்குல இருந்து நல்லா தள்ளி குளத்துக்குள்ளயே நீல நிற பிளாஸ்டிக் ட்ரம் எட்டு கயிறுல கோத்து மிதக்க விட்டு, குப்பை மட்டை எல்லாம் அங்கயே நிக்கட்டும், அதுக்கு உள்பக்கம் மீனுக்கு கூண்டு. கலிங்கு வாய் காலி. அண்ணன் இப்ப வாளிக் கணக்கும் எடுக்கிறார், சித்தப்பாவுக்கு முட்டி வலி. ஞாயித்துக்கிழமை காலைல வாட்சாப்புல ஒரே ஒரு நம்பர் வரும், "47". சில நாள் "47, மழை". கூடவே ரோஜாப்பூ படம் போட்டு காலை வணக்கம்.

போன மாசம் போயிருந்தேன். கயிறு அறுந்து ரெண்டு நீல ட்ரம் மிதந்து வந்து கலிங்கு வாயிலயே ஜம்முனு குறுக்க உக்காந்திருக்கு, ஒண்ணு மேல ஒரு உடும்பு வெயில் காஞ்சுட்டு இருக்கு. அண்ணன் என்னப் பாக்கல, குளத்தப் பாத்தார். நைலான் கயிறு வெயில்ல இத்துப்போகுது, ஸ்டீல் கேபிள் போடணும், 60 மீட்டர், மீட்டர் என்ன விலைன்னு பட்டர்வொர்த்ல கேட்டு வச்சிருக்கேன், தவுக்கேகிட்ட யார் பேசுறதுன்னு இன்னும் முடிவாகல.